கேள்வி–பதில்: பெயர் இருந்தது, செக்குபந்தி இல்லை – ஹவாயின் அஹுபுவாஆ எல்லைகள்

ஹவாய்த் தீவுகளில் அஹுபுவாஆ என்று அழைத்த பழைய நிலப் பிரிவுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம். வரைபடமே இல்லாத நிலத்துக்கு எல்லை எப்படித் தீர்ந்தது என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

கேள்வி: அஹுபுவாஆ என்பதை எல்லாப் படங்களிலும் மலை உச்சியிலிருந்து கடல்வரை தர்பூசணிக் கீற்று போலக் காட்டுகிறார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா? – கும்பகோணம் வாசகி

பதில்: கீற்று என்பது பாடப்புத்தகப் படம். பாதி உண்மை.

ஒரு தீவு பல மோக்குகளாகவும், மோக்கு பல அஹுபுவாஆக்களாகவும், அஹுபுவாஆ பல இலிகளாகவும் பிரியும். அஹு என்றால் கற்குவியல், புவாஆ என்றால் பன்றி. மக்காஹிக்கி விழாக் காலத்தில் அரசனுக்குரிய வரிப் பொருள்களை எல்லையில் இருந்த கல்மேடையில் வைப்பார்கள். குக்குயி மரத்தில் செதுக்கிய பன்றித் தலை அந்த மேடையில் இருக்கும். நிலத்துக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. வரி கட்டும் இடமே எல்லைக்கல்லாகவும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கடலில் மீன், சமவெளியில் சேம்பு, மேலே விறகும் ஓடத்துக்கான மரமும் மலைப் பறவைகளும், இவை எல்லாம் ஒரே தலைவனின் குடிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே பிரிவினையின் அடிப்படை. மாவுயித் தீவின் புலேஹுனுயி எல்லை வழக்கில் 1879-இல் ஹவாய் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் விளக்கியது. ஆனால் அளவில் ஒழுங்கே கிடையாது. 100 ஏக்கர் அஹுபுவாஆவும் உண்டு, 100,000 ஏக்கர் அஹுபுவாஆவும் உண்டு. பல நிலங்கள் பாதி மலையிலேயே முடிந்துவிடும். பக்கத்து நிலம் ஒன்று மேலே அகன்று அவற்றை மறித்துக்கொண்டிருக்கும். ஹவாய்த் தீவின் ஹமாக்குவா மோக்குவில் உள்ள காஓஹே, கடலோரத்தில் ஒடுங்கிய பட்டையாகத் தொடங்கி, மேலே விரிந்து, மவுனா கியா உச்சியையே தனக்குள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கடலோரத்தில் இரண்டு எல்லைப் புள்ளி தெரிந்ததும் ஸ்கேலை வைத்து உச்சிவரை கோடு இழுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எல்லை தெரியாமலேயே ஒரு நிலத்தை ஒருவர் பெயருக்கு எப்படி எழுதிக் கொடுத்தார்கள்? நம் ஊரில் செக்குபந்தி, அதாவது நாற்புற எல்லை விவரம், இல்லாமல் பத்திரம் பதிவே ஆகாதே? – மதுரை வாசகர்

பதில்: அளந்து கொடுப்பதற்கு அப்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மூன்றாம் கமேஹமேஹா அரசரும் சுமார் 245 தலைவர்களும் 1848 ஜனவரி 27 முதல் மார்ச் 7 வரை நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மாஹெலே என்றால் பங்கீடு. அந்தப் பேரேட்டில் இருப்பது நிலத்தின் பெயரும், அது எந்த மோக்கு, எந்தத் தீவு என்பதும்தான். இன்ன அஹுபுவாஆ இன்னாருக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டால் முடிந்தது. மார்ச் 8-ஆம் தேதி அரசர் தம் பங்கையே இரண்டாக்கி ஒன்றை அரசாங்கத்துக்குக் கொடுத்தார்.

பேரேட்டில் பெயர் இருந்தால் மட்டும் உரிமை முழுமையாகாது. 1845 டிசம்பர் 10-இல் இயற்றிய சட்டப்படி அமைந்த நில ஆணையத்திடம் உரிமை கோரி, வழங்கல் ஆணை பெற வேண்டும். கோருவதற்குக் கடைசி நாள் 1848 பிப்ரவரி 14. தலைவர்களுக்கு அந்த ஆணையும் பெயர் அளவிலேயே வந்தது. பழங்காலம் தொட்டு அந்த நிலத்துக்கு எது எல்லையோ அதுவே எல்லை என்பது பொருள். விக்டோரியா கமாமலு பெற்ற 7713-ஆம் எண் ஆணை ஒன்றிலேயே பல தீவுகளின் நிலங்கள் அடங்கியிருக்கின்றன. பங்கீட்டின்போது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை.

உழுது வாழ்ந்த குடிகளின் துண்டு நிலங்களுக்கு, அதாவது குலேயானாக்களுக்கு, மட்டும் அளவை கட்டாயம். செலவும் கோரியவர் தலையில். சுமார் 14,000 கோரிக்கைகளில் 8,000-க்குச் சற்று மேல்தான் ஆணை ஆயின. மொத்தம் 28,600 ஏக்கர் அளவு. தீவுகளின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய நிலத்துக்குப் பெயர் போதும், சிறிய நிலத்துக்கு அளவு வேண்டும் என்ற இந்த ஏற்பாடு யாருக்குச் சாதகமாக முடிந்தது என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை.

கேள்வி: பிறகு அந்தப் பெரிய நிலங்களின் எல்லையை யார், எந்த முறையில் தீர்த்தார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: நில ஆணையம் 1855 மார்ச் 31-இல் கலைந்துவிட்டது. 1862-இல் எல்லை ஆணையர்களை நியமிக்கத் தனிச் சட்டம் வந்தது. 1868-இல் அதை மாற்றி, ஒவ்வொரு நீதி வட்டத்துக்கும் ஓர் எல்லை ஆணையர் என்று வகுத்தார்கள்.

நிலம் பெற்றவர் முதலில் மனுப் போடுவார். தம் நிலத்தின் பெயர், அதைச் சுற்றியுள்ள நிலங்களின் பெயர், அவற்றின் சொந்தக்காரர்கள், தமக்குத் தெரிந்த எல்லை விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆணையர் நாள் குறித்து அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்புவார். விசாரணையில் சாட்சிகள் சொல்வதை எழுதி எடுப்பார்கள். சாட்சி பேசுவது ஹவாய் மொழி; பதிவு பல இடங்களில் ஆங்கிலம். அதற்குப் பின், அல்லது முன்பே, சர்வேயர் அதே சாட்சிகளை அழைத்துக்கொண்டு எல்லையை நடந்து அளப்பார். திருப்பங்களில் கல்லைக் குவித்து அஹு கட்டுவார்கள், பாறையிலோ மரத்திலோ குறி வெட்டுவார்கள். அளவைக் குறிப்பு ஆணையரிடம் வரும். சாட்சியத்தோடு ஒத்துப்போனால் எல்லைச் சான்றிதழ் எழுதுவார். ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழ் கையில் வந்த பிறகு அதைக் காட்டி அரச பட்டயம் பெறுவது கடைசிப் படி.

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லை ஆணையர் நிலம் யாருடையது என்று தீர்ப்பவர் அல்ல. அதன் வரம்பு எங்கே என்று மட்டும் சொல்பவர். அடுத்து, பெயரால் மட்டும் வழங்கிய நிலங்கள்தான் அவர் அதிகாரத்தில் வரும். நில ஆணையம் ஏற்கெனவே அளந்து கொடுத்த குலேயானாவின் கோட்டை அவர் நகர்த்த முடியாது. சான்றிதழ் சுற்றெல்லையைத்தான் சொல்லும். உள்ளே கிடக்கும் குலேயானாக்களைத் தனியே தேடிக் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய சான்றிதழின் ஏக்கரை அப்படியே நம்பிக் கணக்குப் போடுபவர்கள் வழுக்கும் இடம் இது.

கேள்வி: கிழவர்கள் சொன்னதை வைத்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு எல்லை போட்டது நியாயமா? ஞாபகம் தவறாதா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஞாபகம் தவறும். ஆனால் இது ஏதோ கேள்விப்பட்ட ஞாபகம் அல்ல. தொழில் சார்ந்த ஞாபகம். அதனால்தான் அதற்கு மதிப்பு.

சாட்சிக்கு அங்கே கமாஆயினா என்று பெயர். ஓர் இடத்தைச் சிறு வயது முதல் பழகி அறிந்தவர் என்று அந்த 1879 தீர்ப்பே அந்தச் சொல்லுக்கு விளக்கம் தருகிறது. கடலோரத்தில் மட்டும் வாழ்ந்தவருக்கு மேல்காட்டு எல்லை தெரியாது. மேல்காட்டு எல்லைக்குப் பறவை பிடிப்பவர்தான் சரியான சாட்சி. உவாஉ என்ற கடற்பறவை உயர்ந்த மலைப் பகுதியில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். அதைப் பிடிக்கும் உரிமை அந்தந்த நிலத்தாருக்கே. மவுனா கியாவின் பெரும்பகுதியில் அந்த உரிமை காஓஹே நிலத்தாருக்கு மட்டும் இருந்தது. பக்கத்து நிலத்தில் கால் வைத்துப் பிடித்தால் பிடித்ததைப் பறிகொடுக்க வேண்டிவரும். அப்படிப்பட்டவருக்கு எந்தப் பள்ளத்தோடு தன் நிலம் முடிகிறது என்பது மறக்குமா?

நல்ல சாட்சியத்துக்கு ஒரு வடிவம் உண்டு. கடலோரத்தில் பெயருள்ள ஒரு பாறையில் தொடங்கும். பழைய கல்மதில் ஓரமாக மேலேறும், குக்குயித் தோப்பு நிற்கும் மேட்டைத் தொடும், அங்கிருந்து அஆ என்னும் கரடுமுரடான எரிமலைக் கற்பரப்பும் பாஹொயிஹொயி என்னும் வழுவழுப்பான பரப்பும் சந்திக்கும் விளிம்பு வழியே போகும், ஒரு குகை வாய், ஒரு பழைய பாதை, கடைசியில் ஒரு குன்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பெயர் இருக்கும். எந்தப் பக்கம் யார் நிலம் என்பதும் கூடவே வரும். இப்படிப் பெயர் அடுக்கிச் சொல்லாமல் ‘நேராக மலைவரை’ என்று முடித்துவிடும் சாட்சி மேலே போனதே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. பேசுகிறவர் எந்த நிலத்துக் குடி என்பதைப் பார்க்காமல் படித்தால் ஏமாந்துபோவோம். அண்டை நிலத்துச் சாட்சியும் அதே புள்ளியைச் சொன்னால்தான் அந்தப் புள்ளி பலமானது. ஒரே பெயரில் இரண்டு குன்று, இரண்டு ஓடை இருப்பது சர்வ சாதாரணம். பதிவு செய்தவர் ஹவாய்ச் சொற்களில் வரும் தொண்டை நிறுத்தத்தையும் நெடிலையும் எழுதாமல் விட்டதால் வெவ்வேறு பெயர்கள் ஒன்றுபோல் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் காலம். பங்கீட்டுக்கும் சாட்சியத்துக்கும் இடையே பல இடங்களில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் கொள்ளை நோய்கள் முதியவர்களைக் கொண்டுபோயின.

கேள்வி: பழைய குலேயானா ஒன்றின் அளவைக் குறிப்பை இன்று தரையில் திரும்ப எடுப்பது எப்படி? சங்கிலி அளவு என்றால் நம் பழைய 66 அடிச் சங்கிலிதானா? – திருச்சி, ஓய்வுபெற்ற சர்வேயர்

பதில்: அதே கன்டர் சங்கிலிதான். 66 அடி, 100 லிங்க், ஒரு லிங்க் 7.92 அங்குலம், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். உங்களுக்குக் கைவந்த கணக்கு. சிக்கல் திசையில்.

அந்தக் காலத்துக் குலேயானா அளவைகளை முக்கோண அளவை வலையோடு, அதாவது முக்கோணங்களாகக் கோத்து இடம் கணித்த நிலையங்களோடு, இணைக்கவில்லை. அப்போது அப்படி ஒரு வலையே கிடையாது. ஹவாய் அரசாங்க அளவைத் துறை வில்லியம் டி. அலெக்சாண்டர் தலைமையில் தொடங்கியதே 1870-களின் வாசலில்தான். அதற்கு முன் அளந்தவர்கள் காந்தத் திசைகாட்டியை வைத்து, தனித்தனித் தீவுபோல ஒவ்வொரு துண்டையும் அளந்தார்கள். மேற்பார்வை இல்லை, ஒரே விதிமுறை இல்லை. ஹவாயின் கருங்கல்லில் இரும்பு அதிகம். எரிமலைப் பாறை அருகே முள் தடுமாறும். ஒரு பாகை தவறினால் 10 சங்கிலித் தூரத்தில் 11½ அடி விலகும். மூன்று பாகை என்றால் 34½ அடி. சேம்பு வயலில் அது ஒரு பாத்தி.

முதலில் குறிப்பைத் தாளில் வரைந்து சுற்று மூடுகிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் பிழையை எல்லாப் பக்கத்துக்கும் பகிர்ந்துவிட அவசரப்படாதீர்கள். ஒரே பக்கத்தில் சங்கிலி எண்ணிக்கை ஒன்று விட்டுப்போயிருக்கலாம், வடகிழக்கு என்பது வடமேற்கு என்று படி எடுக்கும்போது மாறியிருக்கலாம். ஒரு பக்கத்தைத் திருத்தினால் சுற்று அழகாக மூடிக்கொள்கிறது என்றால் பிழை அங்கேதான். சரிவில் கிடைமட்டமாகப் பிடிக்காமல் தரையோடு சங்கிலி போட்டிருந்தால் நீளம் கூடும். 20 பாகைச் சரிவில் 100 அடி என்பது கிடையாக 94 அடிதான். செங்குத்துச் சரிவை அங்கே பாலி என்பார்கள். குறிப்பில் அந்தச் சொல் வரும் பக்கங்களை இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்தது மொத்த உருவத்தையும் திருப்புவது. காந்த முள் மெய்வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணம்தான் காந்த விலகல். அந்த ஆண்டின் விலகலைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடுவது முதல் மதிப்பீடுதான். அழியாத இரண்டு பொருளாவது தரையில் வேண்டும்: வயல் வரப்பு, அவுவாய் என்னும் பாசன வாய்க்கால், கல்மதில், வீட்டு அடித்தளம். அவற்றில் பொருத்தி உருவத்தைச் சுழற்றினால் அந்தச் சர்வேயரின் முள் அன்று எவ்வளவு விலகியது என்று தெரிந்துவிடும். அதே ஆள் அதே பள்ளத்தாக்கில் அளந்த அடுத்த குலேயானாவுக்கும் பெரும்பாலும் அதே விலகல் பொருந்தும்.

தரையும் தாளும் முட்டிக்கொண்டால் வரிசை இது: ஓடை, பாறை, பாலி போன்ற இயற்கைக் குறி முதலில், மதில், கற்குவியல் போன்ற கட்டிய குறி அடுத்து, திசையும் தூரமும் அதற்குப் பின், பரப்பு கடைசி. ஏக்கர் சரியாக வருகிறது என்பதற்காக வரப்பைத் தள்ளிவைக்கிறவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

கேள்வி: ஹவாய்ப் பத்திரம் ஒன்றில் 225 பாகை என்று இருந்தது. வரைந்தால் நிலம் தலைகீழாகக் கடலுக்குள் போகிறது. என்ன தவறு? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: நீங்கள் வடக்கிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். ஹவாயில் திசைக்கோணத்தை மெய்த்தெற்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவது மரபு. தெற்கு 0, மேற்கு 90, வடக்கு 180, கிழக்கு 270. ஆகவே 225 என்பது வடகிழக்கு. பழைய குறிப்பில் காந்த வடக்கிலிருந்து கிழக்கே 45 பாகை என்று இருந்து, காந்த விலகல் கிழக்கே 9 என்று வைத்துக்கொண்டால், மெய்த்திசை வடக்கிலிருந்து கிழக்கே 54. ஹவாய் முறையில் 234. தொடக்கப் புள்ளியையும் ஒரு முக்கோண அளவை நிலையத்திலிருந்து இத்தனை அடி தெற்கு, இத்தனை அடி மேற்கு என்றுதான் எழுதுவார்கள். அந்த நிலையத்தின் பெயரைத் தவறவிட்டால் மற்ற எண்களால் பயனில்லை.

பத்திரத்தில் மவுக்கா என்று வந்தால் மலைப் பக்கம், மக்காய் என்று வந்தால் கடல் பக்கம். தீவைச் சுற்றிப் போகப் போகத் திசைகாட்டியில் இவை மாறும் என்பதால் திசையாக மொழிபெயர்க்காதீர்கள்.

கேள்வி: கடல் பக்கத்து எல்லை எது? அலை வந்து போகும் இடம் தினமும் மாறுமே? – தூத்துக்குடி வாசகர்

பதில்: இதற்காகவே ஒரு பெரிய வழக்கு நடந்தது. மொலோக்காய்த் தீவில், 1866-ஆம் ஆண்டுப் பட்டயத்தில் எல்லை ‘மா கே காய்’, அதாவது கடல் ஓரமாக, என்று இருந்தது. சொந்தக்காரர் தரப்பு, ஓத அளவுப் பதிவுகளைக் கொண்டு சராசரி உயர் ஓத மட்டத்தைக் கோடாக்கியது. அரசு தரப்பு கமாஆயினாச் சாட்சிகளைக் கொண்டுவந்தது. இரண்டு கோட்டுக்கும் இடையே 20 முதல் 30 அடி வித்தியாசம். 1968-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பக்கம் நின்றது. பட்டயம் எழுதிய நாளில் ஓதப் பதிவு யாரிடமும் கிடையாது. அலை ஏறித் தொடும் மேல்வரம்புதான் அவர்கள் சொன்ன கடல் ஓரம். செடிகொடி தொடங்கும் விளிம்போ, அலை ஒதுக்கிய குப்பைக் கோடோ அதைக் காட்டும்.

இரண்டும் இருந்தால்? 1973-இல் இன்னொரு வழக்கில் அதற்கும் விடை வந்தது. செடி விளிம்பு குப்பைக் கோட்டுக்கு மேலே இருந்தால் செடி விளிம்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே சிலர் கடல் பக்கமாகச் செடி நட்டுத் தண்ணீர் ஊற்றி நிலத்தை நீட்டப் பார்த்தார்கள். கவாய்த் தீவு வழக்கொன்றில் 2006-இல், மனிதர் நட்டு வளர்த்த செடியைக் கொண்டு கடலோரக் கோட்டை முன்தள்ள முடியாது என்று தீர்ந்தது. புயலும் சுனாமியும் ஏற்றிய அலை கணக்கில் சேராது. ஆனால் ஆண்டிலேயே அலை மிக உயரும் பருவத்தைத்தான் பார்க்க வேண்டும். வடகரையில் கோடையில் போய்க் கோடு போட்டால் அது குளிர்காலத்தில் தண்ணீருக்குள் கிடக்கும்.

கேள்வி: எரிமலைக் குழம்பு கடலில் இறங்கிப் புது நிலம் உண்டானால் அது கடலோர நிலக்காரருக்கா? – சேலம் வாசகி

பதில்: இல்லை, அரசுக்கு. 1955 புனா எரிமலை வெடிப்பில் கரை நீண்டு சுமார் 7.9 ஏக்கர் புதிதாக உண்டானது. அது பொதுமக்கள் நலனுக்காக அரசிடமே இருக்கும் என்று 1977-இல் தீர்ப்பு. கடல் அரித்தால் மட்டும் எல்லை உள்ளே வரும். நியாயமா என்று கேட்டு எழுதாதீர்கள். அந்த வழக்கிலேயே நன்றாகச் சண்டை போட்டுவிட்டார்கள்.

கேள்வி: ஒரே இலி மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பதாகப் படித்தேன். அச்சுப் பிழையா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: பிழை இல்லை. அந்தத் துண்டுகளுக்கு லெலே என்று பெயர். தாவுவது என்று பொருள். கடலோரத்தில் ஒரு துண்டு, சேம்பு வயலில் ஒன்று, காட்டில் ஒன்று என்று ஒரே பெயரில் இருக்கும். இதில் இன்னொரு நுணுக்கம், இலி கூப்போனோ என்ற வகை. அது அஹுபுவாஆவின் உள்ளே கிடந்தாலும் அதன் தலைவனுக்குக் கட்டுப்படாது. அஹுபுவாஆவை ஒருவருக்கு வழங்கினால் சாதாரண இலி கூடவே போகும், கூப்போனோ போகாது. உள்ளே அப்படி ஏதும் இருக்கிறதா என்று மாஹெலே பேரேட்டைப் பார்க்காமல் சுற்றெல்லையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

கேள்வி: எல்லை தீர்ந்த பின் உள்ளே குடியிருந்தவர்கள் கதி? – மட்டக்களப்பு வாசகர்

பதில்: 1850 ஆகஸ்ட் 6 குலேயானாச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அவர்களுக்குச் சில உரிமைகளை விட்டுவைத்தது: விறகு, வீட்டு மரம், கட்டும் கயிறு, கூரைப் புல், கீ இலை ஆகியவற்றைச் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், குடிநீர், ஓடும் நீர், வழி உரிமையும் உண்டு. விற்க முடியாது. அந்தப் பிரிவு இன்றும் ஹவாய்ச் சட்டத்தில் இருக்கிறது. பட்டயங்களிலேயே குடிகளின் உரிமை நீங்கலாக என்ற வாசகம் வரும். வேலி போடுபவர்கள் பெரும்பாலும் படிக்காத வரி அதுதான்.

கேள்வி: இணையத்தில் வரி வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லைக்கு அதைப் பயன்படுத்தலாமா? – சென்னை வாசகர்

பதில்: நிலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள், எல்லை போடப் பயன்படுத்தாதீர்கள். வரி எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் ஒவாஹு, 2 மாவுயி, 3 ஹவாய்த் தீவு, 4 கவாய். அடுத்து வருபவை மண்டலம், பிரிவு, தாள், துண்டு. வரி வசூலிக்க வரைந்த கோடு அது. அந்த எண்ணை வைத்து நில ஆணைய எண்ணையும் அரச பட்டய எண்ணையும் பிடியுங்கள். ஓர் ஆணைக்குள் பல துண்டு இருந்தால் ஆப்பானா என்று போட்டு எண் கொடுத்திருப்பார்கள். ஆப்பானா 1-இன் குறிப்பை ஆப்பானா 2-இல் பொருத்திப் பார்த்து நாள் கணக்கில் குழம்ப வேண்டாம். பிறகு, 1903-இல் தொடங்கிய நில நீதிமன்றப் பதிவில் அந்த நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீதிமன்ற வரைபடமே பேசும். பழைய சாட்சியத்தைக் கிளற வேண்டியதில்லை.